குடும்பத் தலைமையும் பல்பொருள் அங்காடியின் வளர்ச்சியும்

பல்வகைப் பண்டங்களைத் தனித்தனிப் பிரிவுகளாக ஒரே கூரையின்கீழ்க் குறித்த விலைக்கு விற்கும் பல்பொருள் அங்காடிகள், தொடக்க காலத்தில் பெரும்பாலும் குடும்பங்களின் கையிலேயே வளர்ந்தன. அவற்றை நிலைபெறச் செய்தது குருதியுறவா, அக்குடும்பங்கள் தமக்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கா என்பது ஆராயத்தக்கது.

2013இல் யாழ்ப்பாண நகரில் வணிக வளாகம் திறந்த கார்கில்ஸ் நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1844இல் வில்லியம் மில்ன் கண்டியில் தொடங்கிய பண்டகசாலை, பின்னர் டேவிட் சைம் கார்கிலின் பெயரைத் தாங்கி, 1896இல் வரையறுத்த பொறுப்புடைய நிறுவனமாக, அதாவது உரிமை பங்குகளாகப் பிரிந்து, பங்காளர் ஒவ்வொருவரின் கடன்பொறுப்பும் அவர் இட்ட முதலோடு நின்றுவிடும் அமைப்பாக மாறியது. சிற்றம்பலம் கார்டினர் 1928இல் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ் 1981இல் அதன் கட்டுப்பாட்டைப் பெற்றபின், சிலோன் தியேட்டர்ஸை நடத்திய பேஜ் குடும்பத்தாரின் தலைமையில் 1983இல் கொழும்பில் கார்கில்ஸின் முதல் சுப்பர்மார்க்கெட் திறக்கப்பட்டது. தலைமைக் குடும்பம் மாறியும் நிறுவனம் அறுபடாமைக்கு அந்தப் பங்கு அமைப்பே துணைநின்றது எனலாம்.

யாழ்ப்பாணத்தின் காரைநகர், புங்குடுதீவு முதலிய ஊர்களின் வணிகர் தென்னிலங்கையில் நடத்திய கடைகளில் வேறொரு வலிமை இருந்தது. உறவினர் இளைஞரை அழைத்துச் சென்று, தராசு பிடிப்பது முதல் கணக்கெழுதுவது வரை பழக்கி, காலப்போக்கில் பங்காளராகவோ தனிக்கடை முதலாளியாகவோ உயர்த்திய அம்முறை, தொழிற்பள்ளியாகவும் கடன்நிதியாகவும் ஒருங்கே பயன்பட்டது. ஆயினும் உறவே நம்பிக்கையின் எல்லையாகும்போது வெளியார் எத்துணைத் திறமை உடையவராயினும் சிப்பந்தியாகவே நிற்க நேர்வதும், பாகப்பிரிவினையில் முதல் சிதறுவதும் அம்முறையில் உள்ளுறைந்த குறைகளாகும். எனினும் 1958, 1983 வன்செயல்கள் தமிழர் கடைகளைச் சூறையாடி எரித்திருக்க, வளர்ச்சி தடைப்பட்டதற்குக் குடும்ப முறையை மட்டும் குற்றஞ்சாட்டுவது நீதியன்று.

இக்குறைகளைக் குடும்பமே நீக்கிக்கொள்ள இயலும் என்பதற்குப் பாரிசின் பொன் மார்ஷே அங்காடி சான்று. 1876இல் ஊழியர் சேமநிதி ஏற்படுத்திய அதன் உரிமையாளர் அரிஸ்தீத் பூசிக்கோ மறுஆண்டே மறைய, பின்னர் ஒரே மகனையும் இழந்த அவர் மனைவி மார்கரீத், 1880இல் மூத்த ஊழியர்களைப் பங்காளராக்கி அங்காடியைக் காத்தார். வாரிசு அற்றுப்போன நிலையில் அவர் செய்ததை, வாரிசுகள் ஒற்றுமையாயிருக்கும் காலத்திலேயே செய்வது யாழ்ப்பாணக் குடும்ப வணிகத்துக்கு இன்று வேண்டப்படுவதாகும். கணக்கைத் திறந்து, ஊழியருக்கும் பங்கு அளித்து எழுதப்படும் உடன்படிக்கை, உறவைக் குலைக்காது, அதன்மேல் விழும் சுமையையே குறைக்கும்.