ஆறு பவுண்டு இழுவை

எம்ஜிபி காரின் வைப்பர் மழையில் தூங்கி வழிந்தால் முதல் பழி மோட்டார்மேல் விழுகிறது. அதன் உடம்பில் லூகாஸ் என்ற பெயர் பொறித்திருப்பதால் பழி சுமத்துவதும் சுலபம். பர்மிங்காமின் ஜோசப் லூகாஸை ‘இருளின் இளவரசர்’ என்று கேலி பேசாத பிரிட்டிஷ் கார்ப் பிரியர்கள் குறைவு. கேலியில் சுவை உண்டு, நியாயம் அவ்வளவாக இல்லை. 1962 முதல் 1967 வரை அந்தக் காரில் வந்த டிஆர்3ஏ மோட்டாரைக் கழற்றி, கேபிளை விடுவித்து, மேசைமேல் வைத்துக் கரண்ட் கொடுத்தால் பெரும்பாலும் 2.7 முதல் 3.4 ஆம்பியருக்குள் நின்றுகொண்டு சீராகச் சுற்றும். காரில் அது நிமிடத்துக்கு 45 முதல் 50 வீச்சு கொடுக்க வேண்டும் என்பது பட்டறைக் கையேட்டின் கணக்கு. மேசைமேல் ஒழுங்காக ஓடிய மோட்டார் காருக்குள் போனதும் திணறுகிறதென்றால், குற்றவாளி அதற்கு அப்பால் ஒளிந்திருக்கிறான். பழைய வைப்பரில் கை வைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது உராய்வை. மின்சாரத்தின் முறை பிறகுதான்.

அப்பால் இருப்பவை ரேக் கேபிளும் இரண்டு வீல்பாக்ஸும். அந்தக் காலத்து மொத்தக் காரிலும் இதைவிட அழகான பொறியமைப்பு ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் தடுமாறுவேன். கார்புரேட்டருக்கு எழுதிய புகழுரைகள் குவிந்து கிடக்கின்றன; டேஷ்போர்டுக்கு அடியில் இருட்டில் கிடக்கும் வீல்பாக்ஸுக்கு யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. கேபிளைச் சுற்றி ஓடும் கம்பிச் சுருளே பற்களாகி, குழாய்க்குள் முன்னும் பின்னும் போய்வந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கியரைப் புரட்டுகிறது. அந்தக் கியர் ஒருபோதும் முழுச்சுற்று சுற்றுவதில்லை. வீச்சுக் கோணம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் திரும்பி மீள்கிறது. ஆகவே ஒரு பக்கத்துப் பற்கள் மழுங்கி பிளேடு ஆட்டம் காணும்போதும் எதிர்ப்பக்கத்துப் பற்கள் தொடப்படாமல் புதிதாகவே இருக்கும். கழற்றி அரைச்சுற்று திருப்பி மாட்டினால் கியருக்கு இரண்டாம் ஆயுள். காலர் நைந்த சட்டையைத் திருப்பித் தைத்து உடுத்திய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேபிளையும் அப்படியே திருப்பிப் போடலாம். தேயாத பக்கம் கியரை நோக்கி வரும்.

தேய்மானத்தைவிடக் கொடியது பழைய கிரீஸ். ஆண்டுக்கணக்கில் குழாய்க்குள் கிடந்து கறுத்து மெழுகாக இறுகிய கிரீஸ் கேபிளைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு லூகாஸ் சொன்ன சோதனையைப் போல நேர்மையான ஒன்றை நான் அறியேன். வைப்பர் கைகளையும் மோட்டாரையும் விடுவித்துவிட்டு, கேபிளின் மோட்டார்ப் பக்க முனையான கிராஸ்ஹெட்டின் துளையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுக்க வேண்டும். 6 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோவுக்கு மேல் காட்டினால் மோட்டாரைத் தொடாதே என்று பொருள். கேபிளை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, குழாயைத் துடைத்து, நசுங்கலோ கூர்மையான வளைவோ இருக்கிறதா என்று பார்த்து, புது கிரீஸ் பூசி மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். வீல்பாக்ஸின் தண்டைச் சுற்றியுள்ள ரப்பருக்கு மட்டும் கிளிசரின்தான். எண்ணெய் விட்டால் ரப்பர் உப்பிப் பாழாகும். மழைநீர் உள்ளே இறங்கித் தண்டே இறுகிவிடும்.

இத்தனை பாடு எதற்கு, நவீன மோட்டாரை மாட்டினால் தீர்ந்தது என்பவர்கள் உண்டு. இரண்டு வேகம் கிடைக்கும், கொட்டும் மழையில் அது உயிர் காக்கும் என்பது அவர்கள் வாதம். பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். 1967இல் எம்ஜிபிக்கு வந்த 14டபிள்யூ மோட்டாரின் வேக நிலை 60 முதல் 70 வரை போகிறது; நெடுஞ்சாலையில் அது வசதிதான். ஆனால் அதன் சாதாரண வேகம் 46 முதல் 52. பழையதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. முப்பதோடு மூச்சு வாங்கும் வைப்பருக்கு மருந்து மோட்டாரில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இறுகிய கேபிளுக்குப் பலசாலி மோட்டாரைப் பூட்டினால் தேய்மானம்தான் விரைவுபடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிஆர்3ஏயில் காந்தப்புலம் தருவது கம்பிச்சுருள். பாசிட்டிவ் எர்த் காரை நெகட்டிவுக்கு மாற்றினாலும் அது அதே திசையில்தான் சுற்றும். நிலைக்காந்தம் வைத்த 14டபிள்யூவில் துருவம் மாறினால் சுழற்சியும் மாறிவிடும். புதியது எல்லா விதத்திலும் மேல் என்று தீர்ப்பெழுத இது இடம் தரவில்லை.

டிரைகோவின் வெற்றிட வைப்பரைக் கொண்டாடும் அமெரிக்கக் கார் ரசிகர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எஞ்சினின் மூச்சிலேயே ஓடுவது குறும்பான யோசனைதான். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வெற்றிடம் குறைந்து பிளேடு படுத்துவிடுவதையும் ‘குணம்’ என்று ரசிக்கச் சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவேன்.

வருத்தமெல்லாம் இன்றைய உதிரிபாகங்களைப் பற்றியது. பழைய மாதிரி என்று விற்கப்படும் வீல்பாக்ஸ்கள் பலவற்றில் கியரின் உலோகம் மென்மையாக இருக்கிறது. பழைய கியரைக் கழுவித் திருப்பிப் போடுவதே மேல். கைகளும் அப்படித்தான். மங்கிய வெள்ளிப் பூச்சாக இருந்ததைக் கண்ணைப் பறிக்கும் பளபளப்பாக்கி விற்கிறார்கள். வெயில் அதில் பட்டு ஓட்டுநர் கண்ணில் அடிக்கிறது. ரப்பரை மட்டும் உருவி மாற்றும் வழக்கம் அருகி, முழு பிளேடையும் தூக்கியெறியப் பழகிவிட்டோம். சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இன்றும் வைப்பர் மோட்டார் செய்கிறது. அதன் பெயர் பேருந்து நிறுத்தமாகவும் நிலைத்துவிட்டது. ரப்பர் துண்டுக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது.

புது பிளேடு வாங்கியும் கண்ணாடியில் தடதடவென்று குதிக்கிறது என்ற புகாருக்கும் பதில் கடையில் இல்லை. ரப்பரின் விளிம்பு ஒவ்வொரு வீச்சின் கடைசியிலும் மறுபக்கம் சாய வேண்டும். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் மட்டும் தடதடத்தால் முதலில் கையைப் பாருங்கள்; அது முறுக்கிக்கொண்டிருக்கும். இரண்டு குறடுகளால் கைநுனியைச் சற்றே திருப்பி, பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும்படி செய்தால் போதும்.