லூயிஸ் தீவின் சங்கீத இசை

கெல்திய நாட்டுப்புற இசை என்றதும் யாழும் குழலும் தோற்பைக் குழலுமே நம் நினைவிற்கு வருகின்றன. இசைத்தட்டு வணிகம் பரப்பிய படிமம் இது. இதனினும் ஆழமான ஒன்று, ஸ்காட்லாந்தின் மேற்கேயுள்ள லூயிஸ் தீவின் ஆலயங்களில், இசைக்கருவி ஏதுமின்றி மனிதக் குரலால் மட்டுமே பாடப்பட்டு வருகிறது. அத்தீவில் பேக் என்னும் ஊரின் ஆலயத்தில் 2003ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட ‘சால்ம்’ என்னும் ஒலிப்பதிவை இங்கு நாம் ஆராய்வோம்.

முதன்முறை கேட்போர் இதனை ஒழுங்கற்ற ஓசை என்றே எண்ணக்கூடும். முன்பாடகர் சங்கீதத்தின் ஓர் அடியைத் தனித்து விரைவாக ஓதுகிறார். சபையார் அதனை ஏந்தி மிக மெதுவாகப் பாடுகின்றனர். மெட்டு ஒன்றே. எனினும் அனைவரும் ஒருசேர ஒரு சுரத்தை அடைவதில்லை. ஒருவர் நீட்டுகிறார், மற்றொருவர் வளைக்கிறார், வேறொருவர் சிறு அசைவுகளால் அணி செய்கிறார். நான்கு குரல் இசைவில் பழகிய செவிக்கு இது பிழையாகத் தோன்றலாம். ஆனால் சபை ஒன்றாகப் பாடும்போதும் எவருடைய குரலும் மறைந்துபோகாத முறை இது.

அடியடியாக ஓதிக் கொடுக்கும் வழக்கம் கெல்தியருடையதன்று. எழுத்தறியாதோர் பொருட்டு வெஸ்ட்மின்ஸ்டர் பேரவை தன் ஆராதனை வழிகாட்டியில் வகுத்தது அது. கெய்லிக் மொழியில் முதல் ஐம்பது சங்கீதங்கள் 1659இலும் முழுநூல் 1694இலும் வெளிவந்தன. ‘மார்ட்டர்டம்’, ‘கில்மார்னக்’ போன்ற மெட்டுகளும் தாழ்நிலத்திலிருந்து வந்தவையே. அவ்வாறாயின் இதில் நாட்டுப்புற இசை எங்கேயுள்ளது? மெட்டில் அன்று, பாடும் முறையில் உள்ளது என்பதே நம் கருத்து. கெய்லிக் மக்கள் தம் பாடல்களில் பயின்ற அணிகளையெல்லாம் அந்நிய மெட்டின்மீது ஏற்றினர்.

இங்கு ஒரு முரணை மறைத்தலாகாது. சமயக் கண்டிப்பின் காரணமாகத் தீவுகளில் பிடில்கள் அழிக்கப்பட்டதையும் பழம்பாடல்கள் கைவிடப்பட்டதையும் அலெக்சாண்டர் கார்மைக்கேல் 1900இல் வெளியிட்ட தம் தொகுப்பின் முன்னுரையில் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார். பாட்டை வீட்டிலிருந்து துரத்திய அதே சமயப் பற்று, பாடும் முறையை ஆலயத்தினுள் காத்தது. இது திருச்சபையின் குற்றத்தைக் குறைப்பதாக நாம் கருதவில்லை.

இவ்விசையைக் கடலலைக்கு ஒப்பிட்டு வியப்போர் பலர். உவமை அழகியதே, ஆயினும் அலைக்குச் சொல் இல்லை, இதற்குச் சொல் உண்டு. ஒலிப்பதிவு குரல்களின் திரட்சியைச் செம்மையாகத் தருகிறது. மொழியறியாத நமக்கோ அதில் ஓசையே மிஞ்சுகிறது. பாடப்படும் சங்கீதத்தை நம் வேதாகமத்தில் திறந்து வைத்துக் கேட்டால், ஓர் அடியில் சபையார் எவ்வளவு நேரம் தங்குகின்றனர் என்பதாவது புலனாகும்.

ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபை 2010இல் பிற பாடல்களுக்கும் இசைக்கருவிகளுக்கும் இடமளித்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மேற்குத் தீவுகளில் கெய்லிக் பேசுவோர் பாதிக்கும் குறைவு. முன்பாடகர் ஓதும் அடியைப் புரிந்து ஏந்திக்கொள்ளச் சபை வேண்டுமே. அதனை ஒலிப்பதிவு தர இயலாது.