நீலச் சட்டை எதற்கு? வீடற்றோர் கதைகளை வகுப்பில் ரசிப்பது எப்படி

ஆண்ட்ரூ என்ற சிறுவனும் அவன் அப்பாவும் அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் குடியிருக்கிறார்கள். அம்மா இறந்துவிட்டார். வீட்டு வாடகைக்கு அப்பாவின் சம்பளம் கட்டாது. இருவரும் நீல ஜீன்ஸ், நீல டி-ஷர்ட், நீல ஜாக்கெட் அணிகிறார்கள். ஆளுக்கொரு நீலப் பை. ஒரே இடத்தில் தங்காமல் டெர்மினல் மாற்றி மாற்றி, உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். ஈவ் பன்ட்டிங் எழுதி, ரொனால்ட் ஹிம்லர் படம் வரைந்து 1991-ல் வெளிவந்த ‘ஃப்ளை அவே ஹோம்’ சொல்லும் கதை இது.

ஏன் எல்லாமே நீலம்? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும், பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பயணிகளோடு பயணிகளாகக் கலந்துவிட வேண்டும். யார் கண்ணிலாவது பட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

வீடில்லாதவர்களைப் பற்றிய குழந்தை நூல்களை இப்படித்தான் படிக்கத் தொடங்க வேண்டும். ‘ஐயோ பாவம்’ என்றதும் பார்வை அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு முன், இவர்கள் ஒரு நாளை எப்படி ஓட்டுகிறார்கள் என்று கவனிக்கலாம். எங்கே குளிக்கிறார்கள்? காசு எங்கிருந்து வருகிறது? பெரியவர்கள் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? ஆண்ட்ரூவின் கதையில் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. குளியல் விமான நிலையக் கழிவறையில். வார இறுதியில் அப்பா ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யப் போகும்போது, அதே நிலையத்தில் மறைந்து வாழும் மெடினா குடும்பத்தார் அவனைப் பார்த்துக்கொள்கிறார்கள். பயணிகள் விட்டுப்போன டிராலிகளை உரிய இடத்தில் சேர்த்து அவன் சில்லறை சம்பாதிக்கிறான். இவ்வளவு திட்டமிட்டு வாழ்பவர்களைச் சோம்பேறிகள் என்று எந்த மாணவனும் சொல்ல மாட்டான்.

படங்களைத் தனியாகப் படித்தல்

இந்த வகை நூல்களில் பாதிக் கதை ஓவியத்தில்தான் இருக்கிறது. முதல் வாசிப்பில் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்க்கச் சொல்லலாம். மாரிஸ் சென்டாக் 1993-ல் வெளியிட்ட ‘வி ஆர் ஆல் இன் த டம்ப்ஸ் வித் ஜாக் அண்ட் கை’ இதற்குத் தோதானது. எழுத்தென்று பார்த்தால் பழைய ஆங்கிலக் குழந்தைப் பாடல்கள் இரண்டுதான். படத்திலோ பிள்ளைகள் அட்டைப்பெட்டிகளில் வசிக்கிறார்கள், செய்தித்தாளைப் போர்த்திக்கொள்கிறார்கள். அந்தத் தாள்களில் அச்சாகியிருப்பதையும் படிக்க வேண்டும்: வீடு விற்பனை, ஆட்குறைப்பு. வீட்டு விளம்பரத்தைப் போர்த்திக்கொண்டு தெருவில் தூங்கும் குழந்தையைப் பற்றிப் பாடல் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

மைக்கேல் ஜென்ஹார்ட்டின் ‘ஐ சீ யூ’ (2017) எழுத்தே இல்லாத நூல். தெருவில் வாழும் ஒரு பெண்ணை மற்றவர்கள் கண்டும் காணாமலும் போக, ஒரு சிறுவன் மட்டும் பார்க்கிறான். ஆங்கிலம் தடையாக இருக்கும் வகுப்பில் இதை வைத்துப் பிள்ளைகளையே தமிழில் கதை சொல்லவைக்கலாம்.

யாரை வீடற்றவர் என்பது?

தெருவில் படுத்திருப்பவர் மட்டும்தான் வீடற்றவர் என்ற எண்ணத்தை இந்த நூல்கள் உடைக்கின்றன. கேத்தரின் ஆப்பிள்கேட்டின் ‘கிரென்ஷா’ (2015) நாவலில் ஜாக்சனின் குடும்பம் ஒரு வேனில் வாழ்ந்திருக்கிறது. தானியத் துணுக்குகளைக் கோப்பைக்குள் எறியும் விளையாட்டை அவனும் தங்கையும் ஆடுகிறார்கள். விளையாட்டாகத் தெரிவது பசியைத் தள்ளிப்போடும் தந்திரம். ஈவ் பன்ட்டிங்கின் ‘ஸ்மோக்கி நைட்’ 1992 லாஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தைப் பின்னணியாகக் கொண்டது. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து தாயும் மகனும் ஒரே இரவில் காப்பகத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். இதற்குப் படம் வரைந்த டேவிட் டயஸ் 1995-ல் கால்டெகாட் பதக்கம் பெற்றார்.

அமெரிக்காவின் 1987-ஆம் ஆண்டு மெக்கின்னி-வென்டோ சட்டம் இன்று காரில் வாழும் பிள்ளைகளையும், வீடிழந்து பிறர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளைகளையும் வீடற்ற மாணவர்களாகக் கணக்கில் எடுத்து, பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமையை அளிக்கிறது. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கட்டடங்களுக்கு வெளியே, அதாவது நடைபாதையில், மேம்பாலத்தடியில், ரயில் நிலைய நடைமேடையில் வாழ்ந்தோரை எண்ணியது. சுமார் 17.7 லட்சம் பேர் என்றது. சித்தப்பா வீட்டுக் கூடத்தில் ஒண்டியிருக்கும் குடும்பம் இந்தக் கணக்கில் வருமா? மேல்வகுப்பு மாணவர்கள் ஒரு பாடவேளை முழுக்க விவாதிக்கலாம்.

யார் யாருக்கு உதவுகிறார்கள்?

உதவி எந்தத் திசையில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேட் டெ லா பென்யாவின் ‘லாஸ்ட் ஸ்டாப் ஆன் மார்க்கெட் ஸ்ட்ரீட்’ படக்கதையில் (2015) ஒரு பையனும் பாட்டியும் பேருந்தில் போகிறார்கள். நம்மிடம் ஏன் கார் இல்லை என்று கேட்கிறான் பையன். அவர்கள் போய்ச் சேரும் இடம் ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் கூடம். கொடுப்பவரும் பணக்காரர் இல்லை. படக்கதைகளுக்கு அபூர்வமாகவே கிடைக்கும் நியூபெரி பதக்கம் 2016-ல் இதற்குக் கிடைத்தது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது பத்மா வெங்கட்ராமன் ஆங்கிலத்தில் எழுதிய ‘த பிரிட்ஜ் ஹோம்’ (2019). அடிக்கும் அப்பாவிடமிருந்து தப்பி வரும் விஜியும் அக்கா ருக்குவும் சென்னையில் ஒரு பாழடைந்த பாலத்தில் முத்து, அருள் என்ற சிறுவர்களோடு சேர்ந்து வாழ்கிறார்கள். குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். ருக்குவுக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு. அவளைத் தான்தான் காப்பாற்றுவதாக விஜி நினைக்கிறாள். ருக்கு கோத்த மணிமாலைகள் விற்று நல்ல காசு வரும் இடத்தில் அந்த நினைப்பு ஆட்டம் காண்கிறது. நாவல் முழுவதும் விஜி ருக்குவை ‘நீ’ என்று விளித்தே பேசுகிறாள். ஏன் என்பதை வாசகர் மெல்ல மெல்லப் புரிந்துகொள்வார். ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

வகுப்பறைக்குச் சில எச்சரிக்கைகள்

குழந்தை இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நூல்கள் சிலருக்கு ஜன்னல், சிலருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி என்றது. வகுப்பில் யாருக்கு இந்தக் கதை கண்ணாடி என்பது ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் ‘உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?’ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டாம். பேச்சு பாத்திரங்களைப் பற்றியே இருக்கட்டும். ‘ஒருநாள் வீடில்லாமல் இருந்து பாருங்கள்’ போன்ற பயிற்சிகளும் வேண்டாம். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு அது வெறும் விளையாட்டு.

முடிவுகளையும் இனிப்பாக்கத் தேவையில்லை. ‘ஃப்ளை அவே ஹோம்’ முடியும்போதும் ஆண்ட்ரூ விமான நிலையத்தில்தான் இருக்கிறான். உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பறவை கதவிடுக்கில் தப்பிப் பறந்ததை அவன் பார்த்திருக்கிறான், அவ்வளவே. இதை நல்ல முடிவென்று சொல்லலாமா என்று மாணவர்களைக் கேட்டால், வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

இறக்குமதி நூல்களைத் தேடி அலைய முடியாதவர்கள் கீதா உல்ஃப், அனுஷ்கா ரவிசங்கர், ஒரிஜித் சென் மூவரின் கதையிலிருந்து தொடங்கலாம். ‘சில்ட்ரன் அட் ஒர்க்’ என்ற தலைப்பில் பல ஆண்டுகள் என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடமாக இருந்தது. வீட்டைவிட்டு ஓடிவந்து சென்னை சென்ட்ரலில் இறங்கும் வேலுவை, குப்பை பொறுக்கும் ஜெயா ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் அழைத்துப்போகிறாள். குப்பைத் தொட்டியிலிருந்து அவள் எடுத்துத் தரும் வாழைப்பழத்தையும் வடையையும் அவன் முதலில் வாங்கத் தயங்குகிறான். மண்டபத்தின் பின்பக்கம் போகலாம் என்பது ஜெயாவுக்கு எப்படித் தெரியும், இந்த ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தவை வேறு என்னென்ன என்று மாணவர்களைப் பட்டியல் போடச் சொல்லலாம். ஆண்ட்ரூவின் அப்பாவுக்கு விமான நிலையத்தைப் பற்றித் தெரிந்தவற்றை அதன் பக்கத்தில் எழுதவைத்து, இரண்டையும் ஒப்பிடலாம்.