தயையும் பந்தியும்: கொங்குப் பண்ணயப் பின்புலத்தில் மேவிபோசேத் கதை

இறைத்தயையை ஏற்றுக்கொள்ளுதல் பற்றிப் பேசும் தமிழ்க் கிறித்தவ மறையுரைகள் விரும்பி எடுத்தாளும் பழைய ஏற்பாட்டுப் பகுதிகளுள் ஒன்று, சாமுவேல் இரண்டாம் நூலின் 9ஆம் அதிகாரம். சவுலின் பேரனும் யோனத்தானின் மகனுமாகிய மேவிபோசேத் இரு கால்களும் முடமானவன். லோதேபாரில் பிறர் வீட்டில் ஒதுங்கி வாழ்பவன். தாவீது அவனை அழைப்பித்து, அஞ்சவேண்டா என்று தேற்றி, சவுலின் நிலங்கள் அனைத்தையும் மீட்டளித்து, தன் பந்தியில் நாள்தோறும் உண்ணச் செய்கிறான். தாவீது இறைவன், முடவன் பாவியாகிய ஆன்மா, பந்தி அருள் என்பது இக்கதைக்கு வழங்கிவரும் உருவகப் பொருள். இப்பொருள்கோள் பந்தியைக் காண்கிறது, நிலத்தைக் காண்பதில்லை. வேளாண் உறவுகளால் உருவான கொங்கு நாட்டின் பின்புலத்தில் வைத்து வாசிக்கும்போது அவ்விடைவெளி தெளிவாகப் புலப்படும்.

சொல்லும் பொருளும்

மூலத்தில் தாவீது காட்டுவது 'ஹெசெத்'. 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு இச்சொல்லை இடத்திற்கேற்பத் தயை, தயவு, கிருபை என்று பெயர்க்கிறது. 26 அடிகளிலும் ஒரே பல்லவி மீளவரும் 136ஆம் சங்கீதத்தில் 'கிருபை' என்று அம்மொழிபெயர்ப்பில் நின்ற சொல், 1995ஆம் ஆண்டின் திருவிவிலியத்தில் 'பேரன்பு' ஆயிற்று. இதனை வடசொல் நீக்கம் என்று மட்டும் கொள்வது போதாது. தமிழ் வழக்கில் தயவும் கிருபையும் மேலிருந்து கீழிறங்குபவை. விண்ணப்பம் எழுதுவோன் அதிகாரியின் தயவை வேண்டுவான்; அதிகாரி விண்ணப்பதாரனின் தயவை வேண்டுவதில்லை. அன்பு இத்தகைய மேடுபள்ளத்தைக் கட்டாயமாக்குவதில்லை.

'ஹெசெத்' என்பதன் மையம் இவ்விரண்டிற்கும் சற்று அப்பாற்பட்டது. உடன்படிக்கைக்குக் காட்டும் மாறாத விசுவாசமே அதன் அடிப்படை. சாமுவேல் முதல் நூலின் 20ஆம் அதிகாரத்தில் யோனத்தான் தன் வழித்தோன்றல்களைக் கைவிடலாகாது என்று தாவீதிடம் முன்னரே வாக்குப் பெற்றிருக்கிறான். எனவே மேவிபோசேத் பெறுவது திடீரெனச் சுரந்த இரக்கமன்று, காப்பாற்றப்பட்ட சொல். தன்னை இறந்த நாய்க்கு ஒப்பிட்டுத் தாழ்ந்து விழும் அவனுக்கு அவ்வுடன்படிக்கை தெரிந்திருந்தது என்பதற்குக் கதையில் சான்றில்லை. வாக்கை அறியாதவன் தயையை அச்சத்தோடுதான் ஏற்க இயலும். வள்ளுவர் ஒப்புரவறிதலை ஈகைக்கு முன் வைத்து, பின்னர் இரவச்சத்தையும் தனி அதிகாரமாக்கியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. கொடுப்போன் கடமையும் ஏற்போன் நாணமும் தமிழறத்தில் ஒரே சிக்கலின் இரு முனைகள்.

அவினாசியில் முதலையுண்ட பாலனைச் சுந்தரர் மீட்ட கதையிலும் ஏற்போர் நிலை நுட்பமானது. எதிர்வீட்டில் பூணூல் மங்கலம் ஒலிக்கத் தம் வீட்டில் அழுகை எழுந்த பெற்றோர், தம் துயரை மறைத்துக்கொண்டு மகிழ்வோடு சுந்தரரை எதிர்கொண்டனர் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. அவர்கள் மகனைக் கேட்கவில்லை. கேளாமல் வந்த அருள் அவர்களை இரப்போராக்கவில்லை. அதே அவினாசிச் சாலையில் அமைந்த கருமத்தம்பட்டி செபமாலை மாதா ஆலயத்திற்கு வருவோருக்கும் இக்கதை அயலானதன்று.

பண்ணயத்தில் ஏற்றல்

கொங்கின் பண்ணய வாழ்வில் ஏற்றல் என்பது உடல்நிலையாகவே வரையறுக்கப்பட்டிருந்தது. எங்கு நிற்பது, எக்கலத்தில் வாங்குவது, எப்போது உண்பது என்பனவெல்லாம் சாதியால் தீர்மானிக்கப்பட்டன. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) இதனை ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவன் கூளையன் வழியாகக் காட்டுகிறது. பண்ணயத்துக்காரர் வீட்டிலிருந்து அவனுக்கு உணவு கிடைக்கிறது. அவ்வுணவே அவன் கட்டுண்டிருப்பதன் அடையாளமும் ஆகிறது. இத்தகைய சூழலில் வளர்ந்த ஒருவரிடம் இறைவன் உனக்குத் தயை செய்கிறார் என்று கூறும்போது அவர் செவியில் விழுவது எவருடைய குரல் என்பதை மறையுரை மரபு போதிய அளவு வினவவில்லை.

கோயம்புத்தூரில் 1830இல் டபிள்யூ. பி. ஆடிஸ் தொடங்கிய இலண்டன் மிஷன் பணி முதல் இவ்வினா தொடர்கிறது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களையும் வாட்டியது. அக்காலத்திலும் பின்னரும் ஒடுக்கப்பட்டோரின் மதமாற்றத்தைச் 'சோற்றுக் கிறித்தவம்' என்று இகழ்வது எளிதாயிற்று. செல்வர் ஏற்றால் அருள், ஏழை ஏற்றால் விலை என்னும் முன்முடிபே அவ்விகழ்ச்சியின் அடித்தளம். மேவிபோசேத்தும் சோற்றுக்கே அழைக்கப்பட்டான். அவனை எவரும் அவ்வாறு இகழ்ந்ததில்லை.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதி பற்றி மேற்கொண்ட தீர்மானம் இவ்விடத்தில் முதன்மை பெறுகிறது. சாதியைத் துறந்ததற்குச் சான்றாகப் பறையர் சமைத்த உணவை உண்ணல் வேண்டும் என்று அது கோரியது. லைப்சிக் லூத்தரன் மிஷன் இதற்கு உடன்படவில்லை. தீர்மானத்தின் கெடுபிடியைக் குறைகூற இடமுண்டு. எனினும், மேற்சாதியார் அருளை ஏற்பதற்குத் தாழ்த்தப்பட்டவரின் கையிலிருந்து உணவை ஏற்றாக வேண்டும் என்று திசையை மாற்றியது அதன் ஆழ்ந்த உட்பொருள். யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் தன் கால்களைக் கழுவவொட்டாமல் மறுக்கும் பேதுருவின் சிக்கலும் இதுவே. தாழ்ந்து நிற்பவரிடமிருந்து பெறுதல் உயர்ந்தோருக்குக் கடினம்.

சீபாவின் நிலம்

உருவகப் பொருள்கோள் முற்றிலும் கைவிட்ட மாந்தன் சீபா. சவுல் வீட்டு ஊழியனாகிய அவனுக்கு 15 புதல்வர், 20 வேலையாட்கள். மீட்டளிக்கப்பட்ட நிலத்தை இவர்களே உழுது பயிரிட்டு விளைவைக் கொண்டுவர வேண்டும் என்பது அரச ஆணை. சீபாவின் வீட்டார் அனைவரும் மேவிபோசேத்தின் ஊழியராயினர் என்று அதிகாரம் தெளிவாகக் கூறுகிறது. ஒருவன் பெற்ற தயை ஒரு குடும்பம் முழுவதற்கும் உழைப்பாயிற்று. பண்ணயத்தில் ஆளாக இருந்தோரின் வழிவந்தவர்கள் நிறைந்த கொங்குத் திருச்சபைகளில் இவ்வதிகாரம் வாசிக்கப்படும்போது, கேட்போர் தம்மை முடவனோடு மட்டுமே ஒப்பிடவேண்டும் என்று பயிற்றுவிக்கப்படுவது வியப்பளிக்கிறது. அவர்களின் முன்னோர் நின்ற இடம் சீபாவின் களம் அல்லவா?

கதை இதனோடு முடிவதில்லை. அப்சலோமின் கலகத்தின்போது சீபா தன் தலைவன்மீது குற்றஞ்சாட்டி நிலம் முழுவதையும் பெறுகிறான் (அதி. 16). அரசன் திரும்பும்போது தாடியைச் சீர்செய்யாமலும் உடையை வெளுக்காமலும் துயர்கொண்டாடிய மேவிபோசேத் தன் தரப்பைக் கூறுகிறான் (அதி. 19). எவர் சொல் மெய் என்பதைக் கதைசொல்லி தீர்க்கவில்லை; தாவீதும் தீர்க்கவில்லை, நிலத்தை இருவருக்கும் பங்கிடுகிறான். மேவிபோசேத்தோ அரசன் நலமாய்த் திரும்பியதே போதும், நிலம் முழுவதையும் சீபாவே கொள்ளட்டும் என்கிறான். தயையை ஏற்றலின் முதிர்ச்சி இங்குதான் வெளிப்படுகிறது என்று கூறலாம். 9ஆம் அதிகாரத்தில் அஞ்சி விழுந்தவன் இங்குக் கொடையை விடுத்துக் கொடுத்தவனைப் பற்றிக்கொள்கிறான்.

ஆயினும் அரசபந்தியில் இடம்பெற்றவனுக்கு நிலத்தைத் துறத்தல் எத்துணைத் துறவாகும் என்னும் ஐயம் எஞ்சுகிறது. சீபாவுக்கு அந்நிலம் தன் மக்கள் உழுதும் தனதாகாதிருந்த நிலம். பாதி அவனுக்கு என்று அரசன் தீர்ப்பளித்தபோதும், முழுதும் அவனுக்கு என்று மேவிபோசேத் விட்டுக்கொடுத்தபோதும், சீபா என்ன சொன்னான் என்பதைப் பனுவல் பதிவுசெய்யவில்லை.