நடுத்தரக் காமிரா ஒன்றின் நிறையும் குறையும்

பெரியப்பாவின் மணிவிழாவன்று நான் எடுத்த படம் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நண்பகல் நேரம். விழாவுக்கென்று புதிதாக வெள்ளையடித்த சுவர். அதன் முன்னே வெள்ளை வேட்டி சட்டையில் பெரியப்பாவும், அருகில் பெரியம்மாவும். காமிராவின் ஒளிமானி ‘சரி’ என்பதற்கான வட்டத்தை ஒளிரச் செய்தது. நானும் பொத்தானை அழுத்தினேன். படம் கழுவி வந்தபோது வெள்ளைச் சுவர் சாம்பல் பூத்துக் கிடந்தது. இருவர் முகங்களும் கரிக்கட்டையாக இருந்தன. அடுத்த ஆண்டு பெரியப்பா காலமாகிவிட்டார். மறுபடி எடுக்க வழியில்லை.

தவறு காமிராவினுடையது அன்று. ஒரு கருவி எதை அளக்கிறது என்று கேட்ட பிறகே அதன் அளவீட்டை எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் சொல்லும் நான், அதே கேள்வியை என் கையிலிருந்த கருவியிடம் கேட்காமல் போனேன். எனவே, இக்கட்டுரையில் ஒரு காமிராவை ஆய்வகக் கருவி ஒன்றை மதிப்பிடுவது போல மதிப்பிட்டுப் பார்க்கிறேன். பிலிம் காமிராக்களைப் பழைய பொருளாக வாங்கும் மாணவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளும் இதற்கு ஒரு காரணம்.

எடுத்துக்கொண்ட கருவி, ஜப்பானின் நிக்கான் நிறுவனம் 1982இல் வெளியிட்ட எப்.எம்.2. 2001 வரை உற்பத்தியில் இருந்தது. தொழில்முறைக் கலைஞருக்கான எப்.3 (1980) ஒரு புறமும், புதியவருக்கான ஈ.எம். (1979) மறு புறமும் நிற்க, இது நடுவே நின்றது. லென்ஸ் நீங்கலாக எடை 540 கிராம். 35 மி.மீ. பிலிம்; ஒரு படத்தின் அளவு 36 மி.மீ. × 24 மி.மீ.

ஒற்றை லென்ஸ் எதிரொளிப்புக் காமிராவின் அமைப்பை வாசகர்கள் அறிவார்கள். லென்ஸின் வழியே வரும் ஒளியைச் சாய்ந்த ஆடி ஒன்று மேலே திருப்புகிறது. அது தேய்த்த கண்ணாடித் திரையில் பிம்பமாகி, மேலுள்ள ஐங்கோணப் பட்டகத்தின் வழியே கண்ணை அடைகிறது. பொத்தானை அழுத்தினால் ஆடி எழும்பி வழிவிடும். இங்கே ஒரு சிறு திருத்தம். இப்பட்டகத்தில் நடப்பதெல்லாம் முழு அக எதிரொளிப்பு என்று சில வழிகாட்டி நூல்களில்கூட எழுதியிருப்பதைக் காணலாம். அது சரியன்று. முன்முகத்தில் ஒளி விழும் கோணம் மாறுநிலைக் கோணத்தைவிடச் சிறியது. வெள்ளிப் பூச்சு இல்லையேல் பெரும்பகுதி ஒளி வெளியேறிவிடும். பழைய காமிராக்களின் காட்சித் திரையில் கறுப்புத் திட்டுகள் தெரிவது இந்தப் பூச்சு கெடுவதால்தான்.

இனி, இக்காமிராவுக்குப் பெயர் வாங்கித் தந்த எண்ணுக்கு வருவோம்: 1/4000 விநாடி. அன்று இவ்வகைக் காமிராக்கள் பெரும்பாலும் 1/1000 விநாடியோடு நின்றன. எப்.எம்.2இன் ஷட்டர், மேலிருந்து கீழாக ஓடும் உலோகத் தகடுகளால் ஆனது. எடையைக் குறைக்க, மெல்லிய டைட்டேனியம் தகடுகளில் தேன்கூடு போன்ற குழிவுகளை அரித்தெடுத்தார்கள். (பின்னாளில் அலுமினியத் தகடுகளுக்கு மாறினார்கள்.) இதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை, எல்லாம் வில்லும் பற்சக்கரமும்.

ஆனால் 1/4000 விநாடி என்பதன் பொருள் என்ன? படச் சட்டம் முழுவதும் 1/4000 விநாடி திறந்து மூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதே இல்லை. 1984இல் வந்த திருத்திய வடிவத்தில் பிளாஷுடன் ஒத்திசையும் மிக விரைவான வேகம் 1/250 விநாடி. அதாவது, சட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கடைசி நிலை அதுதான். 24 மி.மீ. உயரத்தைத் திரை 4 மில்லி விநாடிக்குள் கடந்தாக வேண்டும். ஆக அதன் வேகம் குறைந்தது விநாடிக்கு 6 மீட்டர். அதைவிட விரைவான அமைப்புகளில் முதல் திரை ஓடி முடிக்கு முன்பே இரண்டாம் திரை துரத்தத் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு கீற்று மட்டுமே பிலிமைத் தடவிச் செல்கிறது. 1/4000 விநாடியில் அக்கீற்றின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. பிலிமின் ஒவ்வொரு புள்ளியும் 1/4000 விநாடி ஒளி பெறுகிறது. முழுப் படத்துக்குப் பிடிக்கும் நேரமோ ஏறக்குறைய 4 மில்லி விநாடி.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பேருந்தின் சக்கரம் படத்தின் உயரம் முழுவதையும் நிரப்புவதாகக் கொள்வோம். 1/4000 விநாடியில் பேருந்து 4 மி.மீ. நகரும், அந்த அளவு மங்கல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கீற்று சட்டத்தைக் கடக்கும் 4 மில்லி விநாடியில் பேருந்து ஏறத்தாழ 6.7 செ.மீ. நகர்ந்துவிடும். கூர்மையாகப் பதிவான அந்தச் சக்கரம் வட்டமாக இராது; சற்றே சாய்ந்திருக்கும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் லார்டீக் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் சாய்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அவருடைய ஷட்டர் மிக மெதுவானது. ஆகவே சாய்வும் மிகுதி. ‘காலத்தை உறைய வைக்கும்’ என்று விற்பனையாளர்கள் சொன்னால், எந்தக் காலத்தை என்று கேட்கலாம்.

அப்படியானால் 1/4000 பயனற்றதா? இல்லை. அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. நல்ல வெயிலில் எப்/16 துளையும், பிலிமின் வேக எண்ணின் தலைகீழும் பொருந்தும் என்பது பழைய விதி. ஏ.எஸ்.ஏ. 100 பிலிமுக்கு எப்/16இல் ஏறத்தாழ 1/100 விநாடி. 1/1000 விநாடியோடு நிற்கும் காமிராவில், வெயிலில் எப்/5.6க்கு மேல் துளையைத் திறக்க முடியாது. 1/4000 இருந்தால் எப்/2.8 வரை திறக்கலாம். பின்னணியை மங்கவிட்டு முகத்தை மட்டும் தெளிவாக எடுக்க விரும்புகிறவருக்கு இது பெரிய விடுதலை. ஓடும் பொருளுக்காக என்று சொல்லப்பட்ட வேகம், அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத்தான் அதிகம் உதவுகிறது!

இதைவிடப் பெரிய ஆதாயம், பேச்சில் அதிகம் அடிபடாத அந்த 1/250 ஒத்திசைவு வேகம் என்பது என் கருத்து. கிடையாக ஓடும் துணித் திரை கொண்ட காமிராக்களில் இது 1/60 விநாடி. நண்பகல் வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணை மறைக்கும்போது பிளாஷ் ஒளியால் அதை நிரப்ப வேண்டும். 1/60 விநாடியில் வெயிலுக்கு எப்/22 அளவுக்குத் துளையைச் சுருக்க வேண்டியிருக்கும். 1/250இல் எப்/11 போதும். வழிகாட்டி எண் 32 உள்ள ஒரு பிளாஷ், எப்/22இல் ஒன்றரை மீட்டர்கூட எட்டாது. எப்/11இல் ஏறத்தாழ 3 மீட்டர் எட்டும். மணமக்களும் பெற்றோரும் சேர்ந்து நிற்கும் படத்துக்கு ஒன்றரை மீட்டர் எதற்கு ஆகும்?

இப்போது ஒளிமானி. பெரியப்பாவின் முகம் ஏன் கரியாயிற்று?

லென்ஸின் வழியே வரும் ஒளியைச் சிலிக்கான் ஒளி டயோடுகள் அளக்கின்றன. சட்டத்தின் நடுவிலுள்ள 12 மி.மீ. வட்டத்துக்கு 60 பங்கு மதிப்பும், மீதிப் பகுதிக்கு 40 பங்கு மதிப்பும் தரப்படுகின்றன. ஆனால் கருவிக்கு வருவது பொருளிலிருந்து எதிரொளித்த ஒளி மட்டுமே. வெயில் குறைவாக இருந்து சுவர் வெள்ளையாக இருக்கிறதா, வெயில் கடுமையாக இருந்து சுவர் கறுப்பாக இருக்கிறதா என்று அதனால் பிரித்தறிய இயலாது. இரண்டு அறியாத கணியங்கள், ஒரே ஒரு சமன்பாடு. ஆகவே அது ஓர் ஊகத்தைச் செய்துகொள்கிறது: எதிரே இருப்பது எதுவானாலும், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டை எதிரொளிக்கும் நடுச்சாம்பல் நிறப் பொருள் அது! இது இந்தக் காமிராவின் குற்றம் மட்டுமன்று. அக்காலத்து ஒளிமானிகள் அனைத்தும் இந்த ஊகத்தின்மேல் நிற்பவை.

புதிய வெள்ளைச் சுவர் 80 விழுக்காடு எதிரொளிப்பதாகக் கொண்டால், ஒளிமானி அதை 18க்குக் கொண்டுவரப் பார்க்கும். பிலிமுக்குக் கிடைப்பது வேண்டிய ஒளியில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதாவது இரண்டு படி குறை. எங்கள் வீட்டுத் தோல் நிறம் நடுச்சாம்பலுக்கு அருகிலோ சற்றுக் கீழோ இருப்பது. அதையும் நாலால் வகுத்தால் கரியின் எதிரொளிப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நின்றது. இதே ஒளிமானியை எருமையின் பக்கம் திருப்பினால், எருமையைச் சாம்பல் நிற யானைக்குட்டி ஆக்கிக் காட்டும். கருங்கல் சிற்பங்களை எடுப்பவர்களுக்கும் இது பழகிய தொல்லை.

ஒளிமானி முகத்தைப் பார்ப்பதில்லை, அது வேறு. ஆனால் ‘சரியான முகம்’ எது என்ற ஊகமும் இத்துறையில் இருந்தது. கொடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க அச்சகங்களுக்கு அனுப்பிய அட்டைகளில் நீண்ட காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் உருவமே இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். உள்ளங்கையை அளந்து ஒரு படி கூட்டுக என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வதும் அவர்கள் உள்ளங்கையை வைத்துத்தான். நான் சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் என் உள்ளங்கைக்கு முக்கால் படி போதுமானதாக இருந்தது. வாசகர்கள் தத்தம் கையை ஒருமுறை அளந்து குறித்து வைத்துக்கொள்ளலாம். பிறகு வெள்ளைச் சுவர் எவ்வளவு மின்னினாலும் கவலையில்லை.

ஒளிமானி முடிவைத் தெரிவிக்கும் முறையில்தான் எனக்கு உண்மையான குறை. இக்காமிராவில் கூட்டல் குறி, வட்டம், கழித்தல் குறி என மூன்று சிவப்பு விளக்குகள். ஒரு படிக்கு மேல் வேறுபட்டால் கூட்டலோ கழித்தலோ மட்டும் எரியும். ஒன்றரைப் படியா, நாலு படியா என்று அது சொல்லாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த எப்.ஈ. (1978), அல்லது பென்டாக்ஸ் கே1000 (1976) போன்றவற்றில் ஊசி இருக்கிறது. ஊசி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கண்ணால் காணலாம். சுவரிலிருந்து முகத்துக்குக் காமிராவைத் திருப்பும்போது ஊசி ஏறி இறங்குவதைப் பார்க்கும் மாணவனுக்கு எதிரொளிப்பைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. இருட்டில் ஊசி தெரியாது, விளக்கு தெரியும் என்பது உண்மையே. எனினும் கற்பதற்கு ஊசிதான்.

இன்னொன்று: ஒளிமானியை இயக்கப் பிலிம் சுற்றும் நெம்புகோலைச் சற்றே வெளியே இழுத்து வைக்க வேண்டும். இடக் கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது நேரே நெற்றியில் குத்தும்.

மின்கலம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1976இல் வந்த கேனான் ஏஈ-1, நுண்செயலி பொருத்திய முதல் எஸ்.எல்.ஆர். காமிரா, மிகப் பெருவாரியாக விற்றது. வேகத்தை நாம் வைத்தால் துளையை அது தேர்ந்துகொள்ளும். ஆனால் மின்கலம் தீர்ந்தால் ஷட்டரே அசையாது. எப்.எம்.2இல் கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற இரண்டு பொத்தான் மின்கலங்கள் ஒளிமானிக்கு மட்டும். அவை தீர்ந்தாலும் 1 விநாடி முதல் 1/4000 வரை எல்லா வேகமும் இயங்கும். தானியங்கி வேண்டாம் என்பதல்ல என் வாதம். துளையைத் தேர்ந்துகொள்ளும் ஏஈ-1இன் ஒளிமானியும் அதே நடுச்சாம்பல் ஊகத்தைத்தான் செய்கிறது. எப்.எம்.2 நம்மிடம் கேட்கிறது. அது கேட்காமலே முடிவு செய்கிறது. நான் கேட்டதற்கும் யோசியாமல் ‘ஆம்’ சொன்னவன் என்பதால் இதை அதிகம் வற்புறுத்த எனக்கு உரிமையில்லை.

பிலிம் விலை ஏறிவிட்டது. ஒரு சுருளும் கழுவும் கூலியும் சேர்ந்தால் ஒரு வாரக் காய்கறிச் செலவு ஆகிறது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. 36 படங்களையும் எண்ணித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பழைய கருவி வாங்குகிறவர்கள் முதலில் பின்கதவைத் திறந்து பார்க்க வேண்டும். ஒளி புகாமலிருக்க ஒட்டிய நுரைப் பட்டைகள் நம் ஊர் ஈரத்தில் பிசினாகி உதிரும், மாற்றுவது எளிது. லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை தெரிந்தால் வாங்காமல் வந்துவிடலாம். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவதே பூஞ்சைக்கு விருந்து.

ஷட்டரைக் கல்லூரி ஆய்வகத்திலேயே சோதிக்கலாம். லென்ஸைக் கழற்றி, முன்னே ஒரு விளக்கும், பிலிம் இருக்கும் இடத்தில் ஓர் ஒளி டயோடும் வைத்து, அலைநோக்கியில் துடிப்பின் அகலத்தைப் பார்த்தால் போதும். விளக்கு நேர்மின்னோட்டத்தில் எரிய வேண்டும். இல்லையேல் மின்வழங்கியின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து வரும். விரைவான வேகங்களில் டயோடின் முன் ஊசித்துளை இட்ட கறுப்புத் தாளை ஒட்டவேண்டும். கீற்றே ஒன்றரை மி.மீ. என்னும்போது, 3 மி.மீ. அகலமுள்ள டயோடு காட்டும் நேரம் ஷட்டரின் நேரமாக இராது. முதலாண்டு மாணவர்கள் இருவர் இதைச் சொல்லாமலே கண்டுபிடித்தார்கள்.

முதல் வடிவமா, திருத்திய வடிவமா என்று அறிய வேகத் திருகியைப் பாருங்கள். முதல் வடிவத்தில் பிளாஷுக்கென்று 200 என்ற தனி இடம் இருக்கும். திருத்தியதில் 250 என்ற எண் சிவப்பு. பின்பக்கத்து வரிசை எண்ணுக்கு முன் ‘என்’ என்ற எழுத்தும் இருக்கும்.