காத்திருந்த மசோதாக்கள்: நெருக்கடியும் இனமும் குடியேற்றமும் பற்றிய அமெரிக்க ஆய்வுகள்

1917 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. எழுத்தறிவில்லாதவர் வரக்கூடாது, இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து உழைப்பாளிகள் எவரும் குடியேறக் கூடாது. ஜெர்மனியோடு போர் மூளவிருந்த வாரங்கள் அவை. போர்ப் பயத்தில் பிறந்த சட்டம் என்றுதான் பள்ளிப் பாடநூல்கள் எழுதும். ஆனால் எழுத்தறிவுத் தேர்வு என்ற யோசனைக்கு அப்போதே இருபது வயது தாண்டியிருந்தது. 1893இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தின் நடுவே, பாஸ்டனில் ஹார்வர்டு பட்டதாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சங்கம் அதைக் கையில் எடுத்தது. 1897இல் அதிபர் கிளீவ்லாந்து மறுத்தார். 1913இல் டாஃப்ட் மறுத்தார். 1915இல் வில்சன் மறுத்தார். 1917இல் வில்சன் மறுபடியும் மறுத்தபோது நாடாளுமன்றம் அவரைப் பொருட்படுத்தவில்லை.

நெருக்கடி இனவெறுப்பை உண்டாக்குகிறதா, ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒன்றுக்கு வழிவிடுகிறதா என்பது அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றாய்வில் எழுபதாண்டுகளாக நடந்துவரும் வழக்கு. முதல் தரப்பின் மூலநூல் ஜான் ஹையம் 1955இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் தி லேண்ட்’. 1860 முதல் 1925 வரையிலான அந்நியர் வெறுப்பை அவர் ஏற்ற இறக்கங்களின் கதையாகச் சொன்னார். தொழில் செழிக்கும்போது வெறுப்பு தணிகிறது. வேலைநிறுத்தம், வங்கிச் சரிவு, போர் என்று வந்தால் தலைதூக்குகிறது. மெக்கார்த்தி காலத்தின் புழுக்கத்தில் எழுதப்பட்ட நூல் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அதன் உரைநடை இன்றும் சலிக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் ஹையமே தன் சட்டகத்தின் மீது ஐயம் கொண்டு கட்டுரை எழுதினார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

எதிர்த்தரப்பு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து வலுப்பெற்றது. ஹையமின் பார்வை பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகள் மீதே இருந்தது. சீனர்களும் மெக்சிகர்களும் அதில் ஓரத்தில் நின்றார்கள். எரிகா லீ, மே நகாய், நயன் ஷா, நத்தாலியா மொலினா ஆகியோர் அவர்களை நடுவுக்குக் கொண்டுவந்ததும் படமே மாறிவிட்டது. ஏறி இறங்கும் அலை அங்கே இல்லை. 1882இல் பத்தாண்டுகளுக்கு என்று போடப்பட்ட சீனர் விலக்குச் சட்டம் 1892இல் நீட்டிக்கப்பட்டு, பிறகு காலவரையின்றி ஆகி, 1943 வரை நின்றது. அதற்குள் எத்தனையோ நல்ல காலங்கள் வந்துபோயின, சட்டம் அசையவில்லை. அந்நியர் வெறுப்பு அமெரிக்காவின் விபத்து அல்ல, அதன் மரபுகளில் ஒன்று என்று 2019இல் ‘அமெரிக்கா ஃபார் அமெரிக்கன்ஸ்’ நூலில் லீ வாதிட்டார். நகாயின் ‘இம்பாசிபிள் சப்ஜெக்ட்ஸ்’ (2004) இன்னொரு திசையில் போகிறது. சட்டவிரோதக் குடியேறி என்ற பிறவியையே 1924இன் ஒதுக்கீட்டுச் சட்டம்தான் உருவாக்கியது என்பது அவர் வாதம். எல்லைக் காவல் படையும் அதே ஆண்டில்தான் அமைந்தது.

எனக்கு இரண்டாம் தரப்பே பெரிதும் சரியென்று படுகிறது, ஒரு திருத்தத்தோடு. மரபு என்று மட்டும் சொன்னால், ஏன் அந்த ஆண்டு, ஏன் அந்த மக்கள் என்ற கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. நெருக்கடி செய்வது காரியத்தைத் துரிதப்படுத்துவது. அமைதிக் காலத்தில் குழுக்கள் அறிக்கை எழுதி வைக்கின்றன. குடியேற்றத்தை ஆராய நாடாளுமன்றம் அமைத்த டில்லிங்ஹாம் குழு 1907 முதல் 1911 வரை உழைத்து 41 தொகுதிகளைக் குவித்தது. எழுத்தறிவுத் தேர்வை அதுவும் பரிந்துரைத்தது. போர் இல்லாத ஆண்டுகளின் வேலை அது. பயம் வந்த நாளில் அலமாரியிலிருந்து எடுத்தால் போதும் என்ற நிலை.

இத்துறையில் மிகச் செழிப்பான பகுதி நோய் பற்றியது. 1900 மார்ச் மாதம் சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில், விடுதியொன்றின் நிலவறையில் சீனத் தொழிலாளி ஒருவரின் உடல் கிடைத்தது. பிளேக் என்ற சந்தேகம் எழுந்தது. நுண்ணோக்கிச் சோதனை முடியும்வரைகூடக் காத்திராமல் நகர நல வாரியம் அந்தப் பகுதி முழுவதையும் கயிறு கட்டி அடைத்தது. வெள்ளையரை மட்டும் வெளியே போக விட்டது. சில நாட்களில் கயிறு அவிழ்ந்தது. மே மாதத்தில் அடுத்த உத்தரவு வந்தது: ஹாஃப்கின் தடுப்பூசி போட்டுக்கொள்ளாத சீனரும் ஜப்பானியரும் நகரைவிட்டுப் போகக் கூடாது. பம்பாயில் 1897இல் உருவான அதே தடுப்பூசிதான். கூட்டரசு நீதிபதி மாரோ அதை ரத்து செய்தார். உடனே இரண்டாம் அடைப்பு. அதன் எல்லைக்கோடு தெருவுக்குத் தெரு வளைந்து, வெள்ளையர் கடைகளையும் வீடுகளையும் வெளியே விட்டு, பக்கத்துச் சீன வீடுகளை உள்ளே வளைத்தது. சைனாடவுன் மளிகைக்கடைக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். கிருமி தோலின் நிறம் பார்ப்பதில்லை என்ற எளிய உண்மையை ஒட்டியே தீர்ப்பு அமைந்தது. ஜூனில் அடைப்பு நீங்கியது.

இதை வெறும் இனவெறிக் கதையாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். கலிஃபோர்னியா ஆளுநர் ஹென்றி கேஜ், பிளேக்கே இல்லை என்று சாதித்தார். வணிகம் கெட்டுவிடும் என்ற கவலை அவருக்கு. பிளேக்கைக் கண்டறிந்த கூட்டரசு மருத்துவ அதிகாரி ஜோசஃப் கின்யன் பொய்யர் என்று பத்திரிகைகளில் தூற்றப்பட்டு, 1901இல் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். நோயறிதலில் கின்யன் சொன்னது சரி, ஆனால் சீனரைப் பற்றிய அவர் பார்வை அந்தக் காலத்து வெள்ளையரின் பார்வையேதான். ஒரே மனிதரிடம் நல்ல அறிவியலும் கெட்ட அரசியலும் சண்டையின்றிக் குடியிருக்க முடியும். இந்தச் சிக்கலை மருத்துவ வரலாற்று நூல்கள் நன்றாகக் கையாளுகின்றன. நயன் ஷாவின் ‘கன்டேஜியஸ் டிவைட்ஸ்’ (2001) இன்னும் ஒரு படி மேலே போய், சைனாடவுன் மக்கள் தங்களைத் தூய்மையான குடும்பத்தினராகக் காட்டியே பின்னாளில் நகராட்சி வசதிகளைக் கேட்டுப் பெற்றதைக் காட்டுகிறது.

1906இல் நிலநடுக்கம். 1907இல் பிளேக் திரும்பி வந்தபோது நோயுற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். இம்முறை எந்தத் தெருவும் கயிறு கட்டி அடைக்கப்படவில்லை, எலிகள் வேட்டையாடப்பட்டன. எலி, தெள்ளுப்பூச்சி வழியாக நோய் பரவுவது இதற்குள் தெளிவாகிவிட்டது என்பதை மறுக்கக் கூடாது. அறிவும் மாறியது, நோயாளியின் நிறமும் மாறியது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஆய்வு எதையும் நான் படித்ததில்லை.

ஹோனலூலுவில் நடந்தது இன்னும் கொடியது. 1900 ஜனவரியில் பிளேக்கை ஒழிக்க வீடுகளுக்கு வைத்த நெருப்பு காற்றில் கைமீறி, அவ்வூர்ச் சைனாடவுனை எரித்துத் தீர்த்தது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர்.

நியூயார்க் துறைமுகத்தைப் பற்றி ஹோவர்டு மார்க்கெல் எழுதிய ‘குவாரன்டைன்!’ (1997) இதே தர்க்கத்தை ஐரோப்பியர் மீதும் காட்டுகிறது. 1892இல் மசிலியா என்ற கப்பலில் வந்த ரஷ்ய யூதர்களிடையே டைபஸ் காணப்பட்டது. நகரெங்கும் தேடி அவர்களைப் பிடித்துத் தீவில் அடைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் காலராவைக் காட்டி அதிபர் ஹாரிசன் நிர்வாகம் குடியேறிகளை ஏற்றிவரும் கப்பல்களை 20 நாள் கடலில் நிறுத்தியது. முதல் வகுப்புப் பயணிகள் பட்ட அவதியைப் பற்றித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின.

எல்லைப் பாலங்களின் கதையை எல் பாசோவின் உள்ளூர் ஆய்வாளர் டேவிட் டொராடோ ரோமோ தோண்டியெடுத்தார். 1917 ஜனவரியில், டைபஸ் பயத்தால், மெக்சிகோவின் ஹுவாரஸ் நகரிலிருந்து பாலம் கடந்து வீட்டுவேலைக்கு வந்த பெண்கள் ஆடை களைந்து மண்ணெண்ணெய் கலந்த கரைசலில் குளித்தாக வேண்டும் என்ற விதி வந்தது. பதினேழு வயதுப் பணிப்பெண் கார்மெலிட்டா டொர்ரஸ் டிராம் வண்டியிலிருந்து இறங்க மறுத்தார். சிறிது நேரத்தில் பெரும் பெண்கள் கூட்டம் பாலத்தை மறித்துவிட்டது. கலகம் அடங்கியது. குளியல் விதியோ டைபஸ் பயம் போனபின்னும் போகவில்லை. 1950களில் வந்த மெக்சிகத் தொழிலாளர்கள் மீது டிடிடி தூவப்பட்டது. அவசரத்துக்கு என்று வரும் ஏற்பாடு அவசரம் முடிந்ததும் கிளம்பிப்போவதில்லை. இத்துறையின் எல்லா நூல்களையும் சேர்த்துப் படித்தால் மிஞ்சும் கசப்பான பாடம் இதுதான்.

பொருளாதார நெருக்கடி பற்றிய ஆய்வுகளில் 1930களின் மெக்சிகர் வெளியேற்றமே மையம். பெருமந்தத்தில் வேலை குறைந்ததும் கூட்டரசின் தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் டோக் நாடுகடத்தல்களை முடுக்கினார். 1931 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பழைய பிளாசா சதுக்கத்தைப் போலீசார் சுற்றி வளைத்தனர். ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் முறையான நாடுகடத்தலில் போனவர்கள் அல்ல. கவுண்டி நிவாரண அலுவலகங்கள் ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்து, உதவித்தொகை நின்றுவிடும் என்று மிரட்டி அனுப்பின. பால்டர்ராமாவும் ரொட்ரிகஸும் எழுதிய ‘டிகேட் ஆஃப் பிட்ரேயல்’ (1995) போனவர்கள் சுமார் பத்து லட்சம், அவர்களில் 60 விழுக்காட்டினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள் என்று கணித்தது. மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பின்னால் வந்த ஆய்வு மூன்றரை லட்சத்தை ஒட்டி நிற்கிறது. எண் சுருங்கினால் குற்றம் சுருங்கிவிடும் என்ற பதற்றம் சிலரிடம் தெரிகிறது. தேவையற்ற பதற்றம். குடியுரிமை உள்ள குழந்தைகளை ரயிலேற்றி அனுப்பியது மூன்றரை லட்சக் கணக்கிலும் அப்படியேதான் இருக்கிறது. 2005இல் கலிஃபோர்னியா சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது.

பொருளியல் ஆய்வாளர்கள் லீ (எரிகா லீ அல்ல), பெரி, யாசெனோவ் மூவரும் வேறொரு கேள்வி கேட்டார்கள்: மெக்சிகர்களை அனுப்பிய ஊர்களில் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கூடியதா? கூடவில்லை, சில இடங்களில் குறைந்திருக்கலாம் என்பது அவர்கள் கண்டது. அறுவடைக்கு ஆள் இல்லையென்றால் அதைச் சார்ந்த மற்ற வேலைகளும் இல்லை. 1942இல் அதே அரசு மெக்சிகோவோடு பிராசெரோ ஒப்பந்தம் போட்டு ஆட்களை வரவழைத்தது. 1964 வரை 45 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள்.

அதே 1942. பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட உத்தரவால் மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இருவர் குடிமக்கள். (1923இல் அதே தேதியில்தான் உச்ச நீதிமன்றம், பகத் சிங் தின்ட் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுந்த வெள்ளையர் அல்லர் என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லேண்ட் இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர்.) முகாம்களைப் பற்றிய நூல்கள் ஒரு நூலகத்தை நிரப்பும். ராணுவ அவசியம் என்ற வாதத்தை உடைக்க எனக்குப் போதுமான சான்று ஹவாய். குண்டு விழுந்த இடமே அதுதான். அங்கே மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர், ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். அடைக்கப்பட்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அவர்கள் இல்லாமல் கரும்புத் தோட்டமும் துறைமுகமும் நடக்காது. ராணுவச் சட்டம் எல்லோர் மேலும் இருந்ததால் முகாம் தேவைப்படவில்லை என்று ஒரு மறுமொழி உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனாலும் கலிஃபோர்னியாவில் ஜப்பானிய விவசாயிகள் வெள்ளை விவசாயிகளுக்குப் போட்டியாளர்கள், ஹவாயில் அவர்கள் தோட்ட முதலாளிகளின் கைகால்கள் என்ற வேறுபாட்டைத் தாண்டிப் போக முடியவில்லை. பயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

2001 செப்டம்பருக்குப் பின் நடந்தவை பற்றிய ஆய்வுகள் இன்னும் சட்டப் பேராசிரியர்களின் கையில்தான் இருக்கின்றன. 25 நாடுகளின் ஆண்களைப் பதிவுசெய்யச் சொன்ன திட்டத்தில் 80,000க்கும் மேற்பட்டோர் பதிந்தனர். பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது வெளியேற்ற நடவடிக்கை. பயங்கரவாதக் குற்றத் தண்டனை ஒன்றுகூட இல்லை. கோவிட் பற்றியோ ஆவணங்களே இப்போதுதான் வெளிவருகின்றன. 1944ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப் பிரிவொன்றை எடுத்து, 2020 மார்ச் முதல் 2023 மே வரை எல்லையில் 28 லட்சம் முறை ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2019இல் தடுப்பு மையங்களில் பொன்னுக்கு வீங்கி பரவியபோதே அந்தப் பிரிவைப் பயன்படுத்த டிரம்ப்பின் ஆலோசகர் ஸ்டீஃபன் மில்லர் முயன்றதாக ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. உத்தரவைப் பின்வந்த பைடனும் தொடர்ந்தார். அதே 2020இல் வயல் தொழிலாளர்கள் அத்தியாவசியப் பணியாளர்கள் என்ற கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பலர் ஆவணமின்றியே, அறுவடை செய்துகொண்டிருந்தார்கள்.

நெருக்கடி கதவை மூடுவது மட்டுமல்ல, சில சமயம் திறக்கவும் செய்கிறது. இந்தப் பக்கம் ஆய்வில் மெலிந்துதான் கிடக்கிறது. 1943இல் சீனா போர்க்கூட்டாளி என்பதால் விலக்குச் சட்டம் நீங்கியது, ஆண்டுக்கு 105 பேர் என்ற கஞ்சத்தனமான ஒதுக்கீட்டோடு. 1946இல் இந்தியருக்கு 100. 1906 நிலநடுக்கத் தீயில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்தன. நானும் இங்கேதான் பிறந்தேன் என்று சீனர்கள் சொல்ல, மறுக்க அரசிடம் காகிதம் இல்லை. குடிமகனாகிவிட்டவர் சீனாவில் மகன் பிறந்ததாகப் பதிந்து, அந்த இடத்தை வேறொருவருக்கு விற்கலாம். ‘காகித மகன்கள்’ இப்படி வந்தார்கள். 1950களின் கம்யூனிச பயத்தில், பொய்ப் பெயரை ஒப்புக்கொண்டால் சலுகை உண்டு என்று அரசு ஒரு திட்டம் போட்டது. ஒருவர் ஒப்புக்கொண்டால் அவருடைய காகிதக் குடும்பம் முழுவதும் மாட்டிக்கொள்ளும். பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல் ஒப்புக்கொண்டனர்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில், வந்திறங்கிய சீனர்களைக் குடியேற்ற அதிகாரிகள் விசாரித்த கோப்புகள் இன்று சான் புரூனோ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கிணறு எந்தத் திசையில், வீட்டுக்கு எத்தனை படிகள், பக்கத்து வீட்டுக்காரரின் பிள்ளைகள் யார் யார் என்று அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்ட கேள்விகள், கப்பலில் வரும்போதே குறிப்பேடு வைத்து மனப்பாடம் செய்த பதில்கள். தென்சீனக் கிராமங்களைப் பற்றி இவ்வளவு நுணுக்கமான எழுத்துப் பதிவு வேறெங்கும் கிடைப்பது அரிது என்பதால் சமூக வரலாற்றாளர்கள் இவற்றை ஆசையோடு நாடுகிறார்கள். அந்தக் கிராமங்களில் சில வீடுகளும் சில அண்ணன் தம்பிகளும் விசாரணை மேசைக்கு வெளியே ஒருபோதும் இருந்ததில்லை. எவை என்று கோப்பை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.