மின்னழுத்தச் சீரமைப்பான்: பாடநூல் சொல்லாத பாதி

மின்னணுவியல் பாடநூல்கள் பலவற்றில் 7805 என்னும் ஐ.சி.யின் படத்தைக் காணலாம். ஒரு காலில் 12 வோல்ட் கொடுத்தால் இன்னொரு காலில் 5 வோல்ட் கிடைக்கும். பளு எவ்வாறு மாறினும் வெளியீடு மாறாது என்ற வாக்கியமும் உடன் வரும். அன்பு வாசகர்களே, இவ்வாக்கியத்தில் பாதிதான் உண்மை.

12 வோல்ட் வரும் உணர்வி ஒன்றை 5 வோல்ட் சில்லுடன் இணைக்க வேண்டும் என்று கொள்வோம். சில்லைக் காக்க, 220 ஓம் மின்தடைக்குப் பின் ஒரு டையோடை 5 வோல்ட் இணைப்பில் சேர்ப்பது வழக்கம். டையோடுக்கு 0.7 வோல்ட் போக மின்தடையில் நிற்பது 6.3 வோல்ட், எனவே 29 மில்லி ஆம்பியர் உள்ளே பாயும். சுற்றின் தேவை 10 மட்டுமே எனில், மிஞ்சிய 19 எங்கே போகும்?

சீரமைப்பான் விழுங்கிவிடும் என்றே மாணவர் பலர் விடை எழுதுவர். அது விழுங்காது. அதனுள் இருப்பது உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்கு மின்னோட்டம் தரும் என்.பி.என். டிரான்சிஸ்டர். வெளியீடு உயர்ந்தால் அது தன்னை மூடிக்கொள்ளும். மிகுதியைத் தரைக்கு இழுத்துவிட மற்றொரு டிரான்சிஸ்டர் அங்கில்லை. உள் மின்தடைகள் வழியே சிறிதளவு கசியும், அவ்வளவே. அப்போது 220 ஓமும், 500 ஓமுக்குச் சமமான பளுவும் மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளும், வெளியீடு 7.8 வோல்ட்டை நெருங்கும். 7400 வரிசை டி.டி.எல். சில்லுகள் தாங்கும் உச்சமோ 7 வோல்ட்! காவலுக்கு வைத்த டையோடே கேட்டைக் கொண்டுவந்து சேர்த்தது.

இதில் வியப்பு என்னவெனில், அதே நூல்கள் செனார் டையோடு பாடத்தில் மிகுதி மின்னோட்டம் தரைக்குத் திருப்பப்படுவதை அழகாக விளக்குகின்றன. 7805 வந்ததும் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, வேறுபாட்டை விட்டுவிடுகின்றன. தரவுத்தாள்களும் பொதுவாக வெளியே தரும் மின்னோட்டத்தின் எல்லையையே பேசும்.

மாற்று வழி எளிது. வெளியீட்டிலிருந்து தரைக்கு 220 ஓம் மின்தடை ஒன்று வைத்தால் அது 23 மில்லி ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். மொத்தத் தேவை 33 ஆகிவிடும். எந்நேரமும் அது வீணாவது பிடிக்காவிடில் 5.6 வோல்ட் செனார் போதும். 100 மில்லி ஆம்பியர் வரை உள்வாங்கும் டி.எல்.431 இன்னும் துல்லியமானது.

செய்முறை வகுப்பில் பளுவைக் கூட்டிக் குறைத்து வரைபடம் போடுகிறோம். அந்த அட்டவணையில் ஒரு வரி கூட்டுங்கள்: 500 ஓம் பளுவுடன், 12 வோல்ட்டிலிருந்து 220 ஓம் வழியே வெளியீட்டுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, வோல்ட்மீட்டரைப் பாருங்கள்.